கண்ணாடி வெட்டாத கண்ணாடிக் கலைஞர்: எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ்

கொல்கத்தாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் விக்டோரியா நினைவு மண்டபத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதற்குப் பக்கத்திலேயே வெள்ளையாக, கூர்மையான வளைவுகளோடு ஒரு பெரிய தேவாலயம் நிற்கிறது. புனித பவுல் பேராலயம். 1847-ல் திறக்கப்பட்டது. அதன் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் உண்டு. 1880-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த ஜன்னலை வடிவமைத்தவர் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் ஒரே பெயரைத்தான் சொல்லும்: சர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ்.

இந்த மனிதரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, அவர் வாழ்நாளில் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இரண்டு, அந்தக் கண்ணாடியை அவர் உருக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை, ஈயம் வைத்து ஒட்டவும் இல்லை. பல ஜன்னல்களில் நிறத்தைக்கூட அவர் தேர்ந்தெடுக்கவில்லை! அப்படியானால் அது எப்படி "அவருடைய" ஜன்னல் ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் சாக்கில் அவருடைய கதையைப் பார்ப்போம்.

பாதிரியார் ஆக வேண்டியவர்

எட்வர்ட் 1833 ஆகஸ்ட் 28-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் தாய் இறந்துவிட்டார். தந்தை படங்களுக்குச் சட்டம் போட்டு, தங்கமுலாம் பூசிக் கொடுக்கும் தொழில் செய்தவர். வசதியான குடும்பம் இல்லை. ஆனாலும் பையன் நன்றாகப் படித்தான். 1853-ல் ஆக்ஸ்ஃபோர்டில் எக்ஸீட்டர் கல்லூரியில் சேர்ந்தான். படித்து முடித்துப் பாதிரியார் ஆக வேண்டும் என்பதுதான் திட்டம்.

அங்கே அவருக்கு வில்லியம் மோரிஸ் என்ற மாணவர் நண்பரானார். மோரிஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை. அவரும் பாதிரியார் ஆகத்தான் வந்திருந்தார். 1855 கோடையில் நண்பர்கள் வடக்கு பிரான்சுக்குப் பயணம் போனார்கள். ஆமியேன், போவே, சார்த்ர் என்று பழைய பேராலயங்களாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். சார்த்ர் பேராலயத்தில் 12, 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஜன்னல்கள் இன்னும் இருக்கின்றன. பயணத்தின் முடிவில் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் நடந்துகொண்டே இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேவாலய ஊழியம் வேண்டாம், கலைதான் இனி வாழ்க்கை. ஒருவர் ஓவியர், இன்னொருவர் கட்டிடக் கலைஞர்.

கல்லூரிப் பருவத்தில் இப்படி முடிவெடுப்பவர்கள் நிறைய பேர். கடைசி வரை அதில் நின்றவர்கள் குறைவு. இவர்கள் நின்றார்கள். எட்வர்ட் பட்டம் வாங்காமலேயே 1856-ல் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு லண்டனுக்குப் போனார். அங்கே ஓவியர் ரோஸெட்டி அவருக்கு ஆசானாக அமைந்தார்.

முதல் கண்ணாடிகள்

லண்டனில் ஜேம்ஸ் பவல் அண்ட் சன்ஸ் என்றொரு பெரிய கண்ணாடி நிறுவனம் இருந்தது. அவர்கள் தேவாலய ஜன்னல்களுக்குப் படம் வரைய ஆள் தேடினார்கள். ரோஸெட்டி தன் இளம் நண்பரைக் கைகாட்டிவிட்டார். 1857-ல் எட்வர்டின் முதல் கண்ணாடி வடிவம் உருவானது. நல்ல மேய்ப்பனாக இயேசுவைக் காட்டும் படம் அது. அப்போது அவருக்கு வயது 24.

1859-ல் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் பேராலயத்துக்குப் பெரிய வேலை கிடைத்தது. புனித ஃப்ரைட்ஸ்வைட் என்ற பெண் துறவியின் கதையைப் பதினாறு காட்சிகளாக அந்த ஜன்னலில் வரைந்தார். ஆட்களும் மரங்களும் வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கடும் நிறங்கள். திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். இந்த ஜன்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

1860-ல் ஜார்ஜியானா மெக்டொனால்டைத் திருமணம் செய்துகொண்டார். 1861-ல் மோரிஸ், பர்ன்-ஜோன்ஸ், ரோஸெட்டி உட்பட ஏழு பேர் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நாற்காலி, சுவர்த்தாள், துணி, ஓடு எல்லாம் செய்தார்கள். ஆனால் ஆரம்ப காலத்தில் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது தேவாலயக் கண்ணாடிதான். 1862 லண்டன் சர்வதேசக் கண்காட்சியில் இவர்கள் வைத்த கண்ணாடியைப் பார்த்துப் போட்டியாளர்கள் கோபப்பட்டார்கள். "இது புதிதாகச் செய்ததில்லை, பழைய காலத்துக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று குற்றம் சாட்டினார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா என்ன!

ஒரு ஜன்னல் எப்படி உருவாகிறது?

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பார்த்துவிடுவோம். இது தெரியாவிட்டால் "யாருடைய ஜன்னல்" என்ற கேள்வியே புரியாது.

முதலில் ஓவியர் ஜன்னலின் முழு அளவில் காகிதத்தில் படம் வரைவார். அதற்குப் பெயர் கார்ட்டூன். பத்திரிகையில் வரும் கேலிச்சித்திரம் இல்லை! பழைய பொருளில் அந்தச் சொல்லுக்கு முழு அளவு மாதிரிப் படம் என்றுதான் அர்த்தம். பிறகு ஈயக் கோடுகள் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் துண்டுக் கண்ணாடி என்பதால் துண்டுகளை இணைக்க ஈயப் பட்டை தேவை. அந்தக் கறுப்புக் கோடு முகத்தின் குறுக்கே போனால் படம் கெட்டுவிடும். ஆடையின் மடிப்போடு சேர்ந்து ஓடினால் கோடே ஓவியமாகிவிடும்.

அடுத்து நிறம். கண்ணாடியின் நிறம் மேலே பூசுவது இல்லை. உருக்கும்போதே உலோக ஆக்ஸைடுகளைச் சேர்ப்பதால் வருவது. கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீசு சேர்த்தால் ஊதா, தாமிரமோ தங்கமோ சேர்த்தால் சிவப்பு. கண், மூக்கு, துணி மடிப்பு போன்ற கோடுகளை மட்டும் இரும்பு ஆக்ஸைடும் கண்ணாடிப் பொடியும் கலந்த மையால் வரைந்து சூளையில் சுடுவார்கள். வெள்ளிச் சேர்மம் ஒன்றைத் தடவிச் சுட்டால் கண்ணாடிக்குள்ளேயே மஞ்சள் இறங்கும். கறை மாதிரி இறங்குவதால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டெயின்ட் கிளாஸ் என்று பெயர் வந்தது. கடைசியில் துண்டுகளை ஈயப் பட்டைகளில் பொருத்தி, மூட்டுகளில் பற்றவைத்து, இடுக்குகளில் சிமெண்டு அடைத்து ஜன்னலில் ஏற்றுவார்கள்.

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை இருக்கிறது. 2000-ல் உற்பத்தி தொடங்கியது. அங்கே உருகிய கண்ணாடியை உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு ஒரே சீரான தகடாக எடுக்கிறார்கள். பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்த முறை அது. கோவில்பதாகையில் நம் வீட்டு ஜன்னலில் இருப்பதும், சாலையோரத்து ஐ.டி. கட்டிடங்களின் நீலக் கண்ணாடியும் இந்த வகைதான். குமிழி இருந்தால் அது கழிவு. மோரிஸ் நிறுவனம் பயன்படுத்திய கண்ணாடியோ வாயால் ஊதிச் செய்தது. ஓர் இடத்தில் தடிப்பு, ஓர் இடத்தில் மெலிவு, உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள். ஒளி அதன் வழியே வரும்போது ஒரே நீலத்தில் பத்து நீலம் தெரியும். ஆலைக்காரருக்குக் குறையாகத் தெரிவதுதான் ஜன்னல்காரருக்கு உயிர்.

கோடு ஒருவருடையது, நிறம் இன்னொருவருடையது

மோரிஸ் நிறுவனத்தில் வேலை எப்படிப் பிரிந்தது தெரியுமா? பர்ன்-ஜோன்ஸ் கார்ட்டூனைப் பெரும்பாலும் ஒற்றை நிறத்தில் வரைந்து கொடுத்துவிடுவார். எந்த ஆடைக்கு எந்த நிறம், ஈயக் கோடு எங்கே என்று முடிவு செய்தவர் மோரிஸ். கண்ணாடிப் பிரிவின் தலைமைத் தொழிலாளி ஜார்ஜ் கேம்ப்ஃபீல்ட் என்பவர். தொழிலாளர்களுக்கான மாலைநேரக் கல்லூரியில் படித்து வந்தவர். ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றிலிருந்தும் பையன்களை எடுத்துத் தொழில் பழக்கினார்கள். கார்ட்டூனில் இருந்த கோட்டைக் கண்ணாடியில் இழுத்த கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு.

1875-ல் கூட்டாளிகள் பிரிந்தார்கள். நிறுவனம் முழுக்க மோரிஸ் கைக்கு வந்து மோரிஸ் அண்ட் கம்பெனி ஆனது. அதற்குப் பிறகு கண்ணாடியில் மனித உருவங்களை வரையும் வேலை ஏறக்குறைய முழுவதும் பர்ன்-ஜோன்ஸிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மோரிஸ் பர்ன்-ஜோன்ஸ் வீட்டுக்குச் சிற்றுண்டிக்கு வந்துவிடுவார். பேச்சும் வேலையும் ஒன்றாக நடக்கும். வாங்க வேண்டிய தொகைகளை பர்ன்-ஜோன்ஸ் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார். ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் நிறுவனத்தைக் கிண்டல் செய்து குறிப்புகள் வேறு! அந்தப் புத்தகங்கள் கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்போது ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்புவோம். அதே கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் 1870-களில் பர்ன்-ஜோன்ஸும் மோரிஸும் சேர்ந்து செய்த ஜன்னல்களும் இருக்கின்றன. கூட்டம் இல்லை. நெடிய உருவங்கள் சில, நிறைய வெள்ளை, அமைதி. 1859 ஜன்னலும் இவையும் ஒருவர் வரைந்தவை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஓவியர் வளர்ந்தது ஒரு காரணம். நிறத்தையும் ஈயத்தையும் வேறொரு கண் பார்த்தது இன்னொரு காரணம்.

அந்த ஜன்னல்களில் ஒன்று 1870-ல் கிரேக்க நாட்டில் கொள்ளையர்கள் கொன்ற ஃப்ரெடெரிக் வைனர் என்ற இளைஞரின் நினைவாக வைத்தது. இன்னொன்று இளவயதில் இறந்த ஈடித் லிடெல் என்ற பெண்ணுக்காக. இவர் 'ஆலிஸின் அற்புத உலகம்' கதைக்குப் பெயர் கொடுத்த ஆலிஸின் தங்கை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால் குடும்பத்தினர் தேவாலயத்தில் நினைவு ஜன்னல் வைப்பது வழக்கமாக இருந்தது. கண்ணாடிக் கலைஞரின் பிழைப்பே அதில்தான் ஓடியது. கொல்கத்தா ஜன்னலும் அப்படி வந்ததுதான்.

அந்தமானில் ஒரு கொலை, கொல்கத்தாவில் ஒரு ஜன்னல்

1872 பிப்ரவரி 8. இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் கைதிகள் குடியிருப்பைப் பார்வையிட்டுவிட்டு மாலையில் படகுத்துறைக்கு வந்தார். இருட்டில் ஷேர் அலி அஃப்ரீதி என்ற ஆயுள் கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். பதவியில் இருக்கும்போது கொலையான ஒரே வைஸ்ராய் மேயோதான். மார்ச் 11-ல் ஷேர் அலி வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு துணைத் தகவல். மேயோ இறந்த பிறகு சில மாதங்கள் தற்காலிக வைஸ்ராயாக இருந்தவர் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு. மெரினாவுக்குப் போகும்போது கூவத்தின் மேல் நாம் கடக்கும் நேப்பியர் பாலம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

மேயோவின் உடலை அயர்லாந்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அப்போது இந்தியாவின் தலைநகரம் கல்கத்தா. அங்கே நினைவாக நின்றது இந்தக் கண்ணாடி. லண்டனில் கோடு போட்டு, லண்டனில் வெட்டிச் சுட்டு, கப்பலேறி வந்த ஜன்னல்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பர்ன்-ஜோன்ஸின் மனைவி ஜார்ஜியானாவின் அக்கா ஆலிஸ், ஜான் லாக்வுட் கிப்ளிங் என்பவரை மணந்து 1865-ல் பம்பாய்க்கு வந்தார். லாக்வுட் அங்கே ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஆசிரியர். அவர்களுடைய மகன்தான் 'ஜங்கிள் புக்' எழுதிய ருட்யார்ட் கிப்ளிங். ஆக, பர்ன்-ஜோன்ஸும் லாக்வுட் கிப்ளிங்கும் சகலைகள்! 1875-ல் லாகூரில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார்கள். அதன் பெயர் மேயோ கலைப் பள்ளி, கொலையான அதே வைஸ்ராயின் நினைவாக. அதன் முதல் முதல்வர் லாக்வுட் கிப்ளிங். ஒரே மனிதரின் நினைவுக்கு ஒரு சகலை லாகூரில் பள்ளி நடத்தினார், மற்றவர் லண்டனில் இருந்துகொண்டு கொல்கத்தாவுக்கு ஜன்னல் வரைந்தார்.

இரண்டில் எதற்கு ஆயுள் அதிகம்? இரண்டும் நிற்கின்றன. அந்தப் பள்ளி இன்று பாகிஸ்தானின் தேசியக் கலைக் கல்லூரி, மேயோ பெயர் போய்விட்டது. ஜன்னல் விஷயத்திலும் நடந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேயோவுக்காக வைத்த ஜன்னலை இன்று பார்க்கிறவர்கள் பர்ன்-ஜோன்ஸின் ஜன்னல் என்றுதான் பார்க்கிறார்கள். 1897, 1934 நிலநடுக்கங்களில் அந்தப் பேராலயத்தின் கோபுரம் சேதமானது. பிறகு கோபுரத்தை வேறு வடிவத்தில் கட்டினார்கள். கல் மாறியது, கண்ணாடி இருக்கிறது.

சரி, மோரிஸுக்குப் பழைய கட்டிடங்கள்மீது பெரிய மரியாதை ஆயிற்றே, கொல்கத்தாவில் ஏன் ஜன்னல் வைத்தார் என்று கேட்கலாம். 1877-ல் அவர் பழங்காலக் கட்டிடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார். புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் பழைய தேவாலயங்களைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆகவே அப்படிப்பட்ட பழைய தேவாலயங்களுக்கு இனிக் கண்ணாடி தருவதில்லை என்று தன் நிறுவனத்தின் வருமானத்திலேயே கை வைத்தார். கொள்கைக்காக வியாபாரத்தை விடும் முதலாளியை எத்தனை பேர் பார்த்திருப்போம்? கொல்கத்தா பேராலயம் கட்டி நாற்பது வருடம்கூட ஆகாத கட்டிடம். அந்தத் தடையில் அது வராது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டிரினிட்டி தேவாலயத்துக்கும் 1882-ல் இவர்கள் ஜன்னல் அனுப்பினார்கள். அதுவும் புதுக் கட்டிடம்தான்.

ஞானஸ்நானம் பெற்ற இடத்தில்

பர்ன்-ஜோன்ஸின் கண்ணாடிகளில் உச்சம் எது என்று கேட்டால் பலரும் காட்டுவது பர்மிங்ஹாம் புனித பிலிப் தேவாலயத்தை. குழந்தையாக அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே இடம்! 1885-ல் அங்கே இயேசு விண்ணேறும் காட்சி ஜன்னலாக வைக்கப்பட்டது. அதை நேரில் பார்த்த பர்ன்-ஜோன்ஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு ஜன்னல்கள் செய்ய ஒப்புக்கொண்டார். பிறப்பும் சிலுவையும் 1887-ல் வந்தன. கடைசித் தீர்ப்பு 1897-ல் வந்தது. செக்கச்சிவப்பும் ஆழ்ந்த நீலமும் மோதும் ஜன்னல்கள் அவை.

அவர் வரைந்த ஜன்னல் கட்டிடத்தில் ஏறிய பிறகு அதை அவரே பார்த்து மனம் மாறிய இடம் இது. காகிதத்தில் ஒற்றை நிறத்தில் இருந்தது சூரியன் பட்டதும் வேறொன்றாக நின்றது. கட்டிடமும் வெளிச்சமும்கூட இந்தக் கலையில் கூட்டாளிகள்.

இதற்கிடையே மோரிஸ் 1883-ல் சோசலிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்து தெருமுனையில் பேச ஆரம்பித்திருந்தார். பர்ன்-ஜோன்ஸுக்கு அரசியல் ஒத்துவரவில்லை. 1894-ல் அரசு கொடுத்த பாரனெட் பட்டத்தை அவர் வாங்கிக்கொண்டார். மோரிஸுக்குப் பிடிக்காது என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நட்பு முறியவில்லை, ஜன்னல்களும் நிற்கவில்லை. 1896 அக்டோபர் 3-ல் மோரிஸ் இறந்தார். 1898 ஜூன் 17-ல் பர்ன்-ஜோன்ஸ் போய்ச் சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவு ஆராதனை நடத்தப்பட்ட முதல் ஓவியர் அவர்.

அப்படியானால் யாருடைய ஜன்னல்?

இருவரும் போன பிறகும் மோரிஸ் அண்ட் கம்பெனி மூடவில்லை. மோரிஸிடம் பயின்ற ஹென்றி டியர்ல் பொறுப்பேற்றார். பர்ன்-ஜோன்ஸின் பழைய கார்ட்டூன்களை எடுத்துப் புதிய தேவாலயங்களுக்கு ஜன்னல் செய்துகொண்டே இருந்தார்கள். டியர்ல் 1932-ல் இறந்தார், நிறுவனம் 1940-ல் மூடியது. அதாவது ஓவியர் இறந்து பல ஆண்டுகள் கழித்தும் "பர்ன்-ஜோன்ஸ் ஜன்னல்கள்" பிறந்துகொண்டிருந்தன! கோடு அதேதான், நிறம் பார்த்த கண் வேறு. பல விமர்சகர்கள் இந்தப் பிற்கால ஜன்னல்களை ஒரு படி கீழேதான் வைக்கிறார்கள். மோரிஸின் பங்கு எவ்வளவு என்பதற்கு அவர் இல்லாத ஜன்னல்களைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் இதைச் சொல்லி பர்ன்-ஜோன்ஸைக் குறைக்கவும் முடியாது. ஈயக் கோடு எங்கே விழுந்தாலும் தாங்கும்படி ஓர் உருவத்தை வரைவது எல்லா ஓவியருக்கும் வராது. தன் வேலையின் பாதியை இன்னொருவரிடம் நம்பிக் கொடுப்பதும் ஒரு திறமைதான். நாற்பது வருடம் அதைச் செய்திருக்கிறார். எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான். பெயர்ப் பலகையில் ஒரு பெயர் இருக்கிறது, மோரிஸ் பெயரையும் சிலர் சொல்கிறார்கள், கேம்ப்ஃபீல்ட் பெயரைச் சொல்பவர் அபூர்வம். அநாதை இல்லத்திலிருந்து வந்த அந்தப் பையன்கள் பெயர் எந்த வழிகாட்டியிலும் இல்லை. நம் ஊர்க் கோயில்களில் கட்டிய அரசன் பெயர் கல்வெட்டில் இருக்கும், தூணைச் செதுக்கிய சிற்பி பெயர் பெரும்பாலும் இருக்காது. அங்கேயும் அதே கதை.

அந்தக் கண்ணாடிகளைக் காப்பாற்றியவர்கள் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் பர்மிங்ஹாம் புனித பிலிப் பேராலயம் உள்ளே எரிந்து கூரை இடிந்தது. ஆனால் அந்த நான்கு ஜன்னல்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபத்தை முன்கூட்டி யோசித்த ஊர்க்காரர்கள் குண்டு விழுவதற்குக் கொஞ்ச காலம் முன்பே கண்ணாடிகளைக் கழற்றி வேல்ஸில் ஒரு சுரங்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு கட்டிடத்தைச் செப்பனிட்டு மறுபடி பொருத்தினார்கள். கழற்றியவர்களும் பொருத்தியவர்களும் அந்த ஜன்னலின் கலைஞர்கள் பட்டியலில் வர மாட்டார்களா?

கொல்கத்தா தூரம் என்றால் கவலை வேண்டாம். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போனால் சாந்தோம் பேராலயத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் பார்க்கலாம். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தோமா தொட்டுப் பார்க்கும் காட்சி அது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள், ஒரே ஜன்னல் இரண்டாகத் தெரியும். அப்போது படத்தை மட்டும் பார்க்காமல் ஈயக் கோடுகளையும் பாருங்கள். ஒவ்வொரு கோடும் பெயர் தெரியாத யாரோ ஒருவர் இழைத்துப் பற்றவைத்தது.